உங்கள் முறுக்கை நீங்களே படம் எடுங்கள்

சிறு கடைகளும் வீட்டுத் தொழில்களும் காசு செலவில்லாமல் நல்ல படங்களைத் தேடவும், எடுக்கவும், வடிவமைக்கவும் இன்றைக்கு இருக்கும் வழிகள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழுக்களில் பலகார விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று உறுத்தும். மாம்பலத்தில் ஆர்டர் எடுப்பவரும், கோவையில் எடுப்பவரும், மணப்பாறைக்காரரும் ஒரே முறுக்குப் படத்தைப் போட்டிருப்பார்கள். வெள்ளைத் தட்டு, பின்னால் மங்கலாக ஒரு செடி, தட்டில் வெளிறிய நிறத்தில் ஏழெட்டு முறுக்கு. கூகுளில் 'முறுக்கு' என்று தேடியதும் முதல் வரிசையில் வந்த படம் அது.

மணப்பாறை முறுக்கு இரண்டு முறை எண்ணெயில் இறங்கி, சிவந்து, மொறுமொறுவென்று வருவது. அந்த நிறத்தைப் பார்த்தே சாப்பிட்டுப் பழகியவர்கள் வாங்கிவிடுவார்கள். அப்படி ஒரு சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ எங்கோ சுட்ட வெளிறிய முறுக்கின் படத்தைப் போட்டு விற்பது எவ்வளவு பெரிய நஷ்டம்! சுட்டவரின் கைப்பக்குவம் அந்தப் படத்தில் இல்லை. வாங்குபவரும் பெட்டியைத் திறந்ததும் 'படத்தில் பார்த்தது வேறாச்சே' என்று ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடி அடுத்த ஆர்டரைப் பாதிக்கும்.

'படம் எடுக்க ஆள் வைக்க வசதி இல்லை' என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது நியாயமான காரணம். இன்றைக்குக் கையிலுள்ள போன், ஒரு ஜன்னல், இலவசமாகக் கிடைக்கும் சில செயலிகள், சட்டப்படி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்ட கோடிக்கணக்கான படங்கள் என எல்லாம் இருக்கின்றன. எதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் குழப்பம்.

கூகுளில் இருப்பதெல்லாம் இலவசம் இல்லை

முதலில் இந்தத் தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். கூகுள் படங்களைத் தேடித் தருகிறது, அவ்வளவுதான். அவற்றின் உரிமை யாரோ ஒருவரிடம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதன்படி ஒரு புகைப்படம் எடுக்கப்பட்ட கணமே அதற்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, படத்தின் மூலையில் பெயர் போடவும் தேவையில்லை. புகைப்படத்துக்கு அந்தப் பாதுகாப்பு எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் நீடிக்கும். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று 63-வது பிரிவு சொல்கிறது. பலகாரப் படத்துக்காக யாரும் உள்ளே போகப்போவதில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால், 'எங்கள் படத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், இவ்வளவு தொகை கட்டுங்கள்' என்று படத்தின் உரிமையாளர் சார்பில் வரும் ஒரு மின்னஞ்சல் போதும், சின்னத் தொழில் நடத்துபவரின் தூக்கம் போய்விடும். எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன.

கூகுளிலேயே ஒரு வழி உண்டு. படத் தேடலில் 'டூல்ஸ்' என்பதைத் தட்டினால் 'யூசேஜ் ரைட்ஸ்' என்று வரும். அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், இலவச உரிமத்தோடு வெளியிடப்பட்டதாகச் சொல்லப்படும் படங்கள் மட்டும் நிற்கும். அப்போதும் படம் இருக்கும் பக்கத்துக்குள் போய் உரிமத்தைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம், சினிமா மீம். வடிவேலு முகம் இல்லாத ஆடித் தள்ளுபடி விளம்பரமே இல்லை என்று ஆகிவிட்டது. நண்பர்களுக்குள் பகிர்ந்து சிரிப்பது ஒரு விஷயம். ஒரு கடை தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது முற்றிலும் வேறு. அந்தக் காட்சியின் உரிமை தயாரிப்பாளருடையது, அந்த முகம் நடிகருடையது. 2015-ல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், பிரபலமான ஒருவரின் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அவர் அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது என்ற அவரது வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. சுதந்திர தின வாழ்த்து போடுபவர்களும் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 1950-ம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம், மகாத்மா காந்தி, நேரு, பிரதமர் போன்றவர்களின் பெயரையும் உருவத்தையும் அரசு அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. காந்தி படத்துக்குக் கீழே 'எங்களிடம் 20 சதவீதத் தள்ளுபடி' என்று போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

சும்மா தரும் தளங்கள்

அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ், பிக்சாபே. இந்த மூன்று பெயர்களும் வடிவமைப்பாளர்களுக்குப் பழக்கமானவை. அன்ஸ்பிளாஷ் 2013-ல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் தொடங்கியது. 2021-ல் கெட்டி இமேஜஸ் அதை வாங்கியது. பெக்செல்ஸும் பிக்சாபேயும் 2019 முதல் கேன்வா நிறுவனத்திடம் இருக்கின்றன. மூன்றிலும் வியாபாரத்துக்குப் படங்களை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவர் பெயரைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போட்டால் நல்லது, மரியாதை. அந்தப் படத்தை அப்படியே அச்சடித்து விற்பது கூடாது. அன்ஸ்பிளாஷில் தேடும்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய 'அன்ஸ்பிளாஷ் பிளஸ்' படங்களும் நடுவே கலந்து வரும். அவசரத்தில் அதைத் தட்டிவிட்டு 'இலவசம் என்றார்களே' என்று திகைப்பவர்கள் உண்டு.

இந்தத் தளங்களில் படங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் நம் சாப்பாட்டைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இட்லி என்று தேடினால் இட்லி வரும், பக்கத்தில் வைத்திருக்கும் சட்னி நம் வீட்டுச் சட்னியாக இருக்காது. பொங்கல், அதிரசம், கேப்பைக் களி என்று போகப் போக ஒன்றுமே வராது. அதனால் என் யோசனை வேறு. பொருளை அங்கே தேடாதீர்கள். பொருளைச் சுற்றியிருப்பதைத் தேடுங்கள். வாழை இலையின் நரம்பு, பழைய தேக்குப் பலகை, கொட்டிக் கிடக்கும் மஞ்சள், கயிற்றுக் கட்டில், மழை பெய்த கண்ணாடி, பச்சை வயல். இவை எந்த ஊரில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரத்தின் பின்புலத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் இவை தாராளமாகப் போதும். உங்கள் பொருளின் இடத்தில் மட்டும் அடுத்தவர் பொருளின் படம் வரக் கூடாது.

மனித முகம் உள்ள இலவசப் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படத்தை எடுத்து, 'எங்கள் எண்ணெய் தேய்த்ததால் முடி உதிர்வு நின்றது' என்று அவர் சொல்வதுபோல் போடுவதை எந்தத் தளமும் அனுமதிப்பதில்லை. அவர் உங்கள் எண்ணெயைத் தொட்டதே இல்லை.

காமன்ஸ் என்னும் களஞ்சியம்

எனக்குப் பிடித்த இடம் இதுதான். விக்கிமீடியா காமன்ஸ் 2004-ல் தொடங்கியது. பத்து கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அதில் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களும் நம் ஊர் ஆர்வலர்களும் எடுத்துப் போட்ட கோயில்கள், பறவைகள், சந்தைகள், பலகாரங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். மற்ற தளங்களில் இல்லாத ஜிகர்தண்டாவும் பனங்கிழங்கும் இங்கே அகப்படும்.

ஆனால், காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு உரிமம் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் வாழ்நாள் முழுவதும் உதவும். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002-ல் முதன்முதலாக இந்த உரிமங்களை வெளியிட்டது. 'பை' என்று இருந்தால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். 'எஸ்ஏ' என்று இருந்தால், அந்தப் படத்தை மாற்றி நீங்கள் ஒன்றைச் செய்தால் அதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். அதாவது அந்தப் படத்தைத் திருத்தி நீங்கள் உருவாக்கிய போஸ்டரை எதிர்க் கடைக்காரர் எடுத்துப் பயன்படுத்தினால் தடுக்க முடியாது. 'என்சி' என்றால் வியாபாரத்துக்குத் தொடக் கூடாது. 'என்டி' என்றால் வெட்டவோ நிறம் மாற்றவோ கூடாது. 'சிசி ஜீரோ' என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. என்சி, என்டி உரிமப் படங்களைக் காமன்ஸ் ஏற்பதில்லை. ஃபிளிக்கர் போன்ற தளங்களில்தான் அவை நிறைய இருக்கும்.

பெயர் போடுவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஒரு வரிதான். 'படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி-பை-எஸ்ஏ 4.0' என்று படத்தின் அடியிலோ பதிவின் கீழோ எழுதி, மூலப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் முடிந்தது. எழுதாவிட்டால் உரிமம் ரத்தாகிவிடும், அதன்பின் அது திருட்டுப் படம்தான். பழைய 2.0, 3.0 உரிமங்களில் ஒரு தடவை தவறினாலே உரிமை போய்விடும். 2013-ல் வந்த 4.0 உரிமம்தான் தவறைக் கண்டுபிடித்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமை திரும்பும் என்று இரக்கம் காட்டியது. வெளிநாடுகளில், பெயர் போட மறந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் குறிவைப்பது பழைய உரிமப் படங்களைத்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் சொல்ல வேண்டும். கரோல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தன் ஆயிரக்கணக்கான படங்களை மக்கள் பயன்பாட்டுக்கென்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் எடுத்த படத்தை அவருடைய தளத்திலேயே போட்டதற்கு 120 டாலர் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது. 2016-ல் அவர் வழக்குப் போட்டார். பொதுவில் விடப்பட்ட படத்தை யாரும் விற்கலாம் என்பதால் அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கை நிற்கவில்லை. சின்னக் கடைக்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இலவசப் படத்தை எடுக்கும்போதே அந்தப் பக்கத்தை, உரிமம் தெரியும்படி, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். பின்னால் யார் கடிதம் போட்டாலும் காட்ட ஆதாரம் இருக்கும்.

காமன்ஸைத் தாண்டி அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. சோழர் காலப் பார்வதி வெண்கலச் சிலையும், சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கையால் வரைந்த பூத்துணிகளும் அதில் உண்டு. ஜவுளி வியாபாரம் செய்பவர் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் அது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020-ல் 28 லட்சம் படங்களைத் திறந்தது.

மூலிகை எண்ணெய், சீயக்காய், நாட்டு மருந்து விற்பவர்களுக்கு இன்னும் அருகில் ஒரு புதையல் இருக்கிறது. வில்லியம் ராக்ஸ்பரோ 1795 முதல் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்ற நூலில் கையால் வண்ணம் தீட்டிய 300 ஓவியங்கள். அவருக்குப் பின் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை மதராஸில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தாவரப் படங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டும். வைட்டுக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் திறமையை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் அவர் பெயரைச் சூட்டினார். பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணைய நூலகத்தில் இந்தத் தொகுதிகள் முழுதாகக் கிடைக்கின்றன, பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சீயக்காய்ப் பாக்கெட்டில் எங்கோ வரைந்த இலையைப் போடுவதைவிட, 170 ஆண்டுகளுக்கு முன் மதராஸில் நம் செடியைப் பார்த்து நம் ஆள் வரைந்த கோட்டோவியம் இருந்தால் எவ்வளவு அழகு! யாராவது செய்ய மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சாமி படங்களில் மட்டும் பார்த்துப் போங்கள். ரவிவர்மா 1906-ல் மறைந்தார். அவருடைய லட்சுமியையும் சரஸ்வதியையும் தாராளமாக எடுக்கலாம். நம் வீட்டு காலண்டர்களுக்கெல்லாம் முருகனையும் மீனாட்சியையும் வரைந்து தந்த கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976-ல். ஓவியத்துக்கு வரைந்தவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது சட்டக் கணக்கு. ஆக, 2036 முடியும்வரை அவை உரிமைக்குட்பட்டவைதான். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் எடுத்து வெளியிட 52-வது பிரிவு இடம் தருகிறது. குமரிமுனையின் 133 அடி வள்ளுவரை நீங்களே எடுத்துப் போடுவதில் பிரச்சினை இல்லை. அடுத்தவர் எடுத்த வள்ளுவர் படம்தான் பிரச்சினை.

ஜன்னல் இருந்தால் போதும்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் துணைப் படங்களுக்கு. விற்கும் பொருளின் படம் உங்கள் வீட்டில், உங்கள் போனில் எடுக்கப்பட வேண்டும்.

காலை ஒன்பதரை மணி. நேரடி வெயில் விழாத ஒரு ஜன்னல். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் அல்லது மேசை. டியூப்லைட்டையும் எல்இடி பல்புகளையும் அணைத்துவிடுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் மஞ்சளுமாகப் படம் கெட்டுவிடும். போனின் லென்ஸைப் பனியன் துணியால் துடையுங்கள். கடையில் எடுக்கும் படங்கள் மங்கலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் லென்ஸில் ஒட்டிய எண்ணெய்க் கைதான். ஜன்னல் ஒரு பக்கம் இருக்கட்டும். எதிர்ப் பக்கம் ஒரு தெர்மோகோல் பலகை அல்லது வெள்ளை சார்ட் தாளை நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, நிழல் விழுந்த பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். கிட்டே போய் எடுப்பதைவிட இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுத்தால் பொருளின் வடிவம் இழுபடாது.

முறுக்கு சிவந்த பொருள். வெள்ளைத் தட்டில் வைத்தால் போன் குழம்பி எல்லாவற்றையும் இருளச் செய்துவிடும். அலுமினியத் தட்டு, வாழை இலை, கறுத்த பலகை ஏதாவது ஒன்றில் வையுங்கள். ஒன்றை உடைத்து, உள்ளே காற்றுப் புகுந்த ஓட்டை தெரியும்படி முன்னால் வையுங்கள். அந்த உடைந்த துண்டு, மொறுமொறுப்பைச் சொல்லாமல் சொல்லிவிடும். பக்கத்தில் ஒரு டபரா டம்ளர் இருந்தால் அளவு புரியும். 'நாங்க நினைச்சது பெரிய முறுக்கு' என்ற பேச்சுக்கு இடமில்லை.

புடவை கஷ்டமான பொருள். அரக்கும் சிவப்பும், கருநீலமும் கருப்பும் போனில் ஒன்றுபோலத் தெரியும். பத்து மணிக்கு மேல் வராந்தா நிழலில் விரித்து, முதல் படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். பிறகு ஸ்னாப்சீட் செயலியில் அந்த வெள்ளை உண்மையிலேயே வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் வையுங்கள். போனில் 'விவிட்' போன்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். நிறத்தைக் கூட்டிக் காட்டினால் முதலில் ஆர்டர் வரும், பின்னாலேயே புடவையும் திரும்பி வரும். முந்தானை, பார்டர், உடல், பின்பக்கத்து நூல் என நான்கும் தனித்தனியாக வேண்டும். பின்பக்கத்தைக் காட்டும் கடையைப் புடவை தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

எல்லாவற்றிலும் கடினம் பித்தளை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விளக்கில் ஜன்னல் தெரியும், மின்விசிறி தெரியும், படம் எடுப்பவரும் போனோடு தெரிவார். இதற்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். நாலு முழ வெள்ளை வேட்டி போதும். விளக்குக்கு இரண்டு பக்கமும் மேலேயும் கூடாரம்போலக் கட்டி, போன் லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் முன்னால் இடைவெளி விடுங்கள். வெளிச்சம் வேட்டி வழியாக வடிந்து உள்ளே வரும், பளபளப்பு ஒரே சீராக அமையும். ஆனால் அப்போது விளக்கின் ஓரம் பின்புலத்தோடு கலந்து உருவம் மழுங்கும். அதற்கு ஒரு பக்கம், படத்தில் விழாதபடி, விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புச் சார்ட் பட்டையை நிறுத்துங்கள். விளக்கின் வளைவு நெடுக மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடி, தண்டும் அகலும் அன்னமும் செதுக்கி வைத்ததுபோல் எடுப்பாகத் தெரியும். இந்த ஒரு பட்டைக்காகவே ஸ்டுடியோக்காரர்கள் காசு வாங்குகிறார்கள்.

ஸ்னாப்சீட் கூகுளின் செயலி. இலவசம், விளம்பரம் வராது, படத்தின் மேல் முத்திரையும் குத்தாது. தட்டின் ஓரத்தில் சிந்திய துளியை 'ஹீலிங்' கருவியால் தட்டி எடுத்துவிடலாம். பின்புலத்தை நீக்க, ஐபோனில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே போதும். மற்றவர்களுக்கு அடோபி எக்ஸ்பிரஸின் இலவசப் பதிப்பு இருக்கிறது.

எழுத்து உடையாமல் ஒரு போஸ்டர்

போஸ்டர் வடிவமைக்க உதவும் கேன்வா பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் 2013-ல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இலவசப் பதிப்பே தாராளம். கிரீடக் குறி போட்ட படங்களைத் தொடாமல் இருந்தால் காசு கேட்காது. ஃபோட்டோஷாப் பழகியவர்களுக்கு ஃபோட்டோபியா என்ற தளம் பிரவுசரிலேயே ஏறக்குறைய அதே வேலைகளைச் செய்கிறது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் முழு இலவசம். ஃபிளெக்ஸ் பேனருக்குக் கொடுக்க வேண்டிய லோகோவை இங்க்ஸ்கேப்பில் வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

லோகோ என்றதும் ஒரு எச்சரிக்கை. கேன்வாவில் இருக்கும் தாமரையை எடுத்து லோகோவாக வைத்தால், அதே தாமரையை இன்னும் ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள். அதை உங்கள் வணிக முத்திரையாகப் பதிவு செய்ய அவர்களுடைய விதியே அனுமதிக்காது. பெயரை ஒரு நல்ல எழுத்துருவில் எழுதி வைப்பதே மேல்.

நல்ல எழுத்துரு தமிழில் இல்லையே என்ற குறையும் தீர்ந்துவிட்டது. கூகுள் ஃபான்ட்ஸ் பக்கத்தில் முக்த மலர், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கவிவாணர், அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வரிசையாக இருக்கின்றன. திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. பாக்கெட்டிலும் பலகையிலும் விளம்பரத்திலும் போட ஒரு பைசா தர வேண்டாம். பலகாரக் கடைக்குப் பாலூ தம்பியின் உருண்டை எழுத்து பொருந்தும், நகைக்கும் பட்டுக்கும் கவிவாணரின் சாய்வான கையெழுத்து.

தமிழ் போஸ்டர்களில் கண்ணில் குத்தும் கோளாறு ஒன்று உண்டு. 'கோவில்' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம் என்று சிதறி நிற்கும். செயலிக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாததுதான் காரணம். சில படச் செயலிகளிலும், உரிய அமைப்பை மாற்றாத பழைய ஃபோட்டோஷாப்பிலும் இது நடக்கும். எந்தச் செயலியானாலும் முதலில் 'கொழுக்கட்டை, தோசை, கௌரி, ஸ்ரீ' என்று நாலு சொல்லைத் தட்டிப் பாருங்கள். உடைந்தால் அந்தச் செயலியை விட்டுவிட்டு கேன்வாவுக்கு வந்துவிடுங்கள். உடைந்த எழுத்தோடு விளம்பரம் போடுவது, அழுக்குத் தட்டில் பலகாரம் வைப்பது மாதிரி.

அளவுகள் பற்றிச் சுருக்கமாக. கூகுள் மேப்பில் வரும் கடைப் பக்கத்துக்கு 720-க்கு 720 பிக்சல் அளவைக் கூகுள் பரிந்துரைக்கிறது, படம் 5 எம்பிக்கு மேற்படக் கூடாது. வாட்ஸ்அப் பிசினஸில் 500 பொருட்கள் வரை கேட்டலாக் போடலாம். அதைப் பயன்படுத்தாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். டிசைனரிடமிருந்து படம் வாங்கும்போது 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி மங்கலாக்கிவிடும்.

ஏஐ வரைந்த வடை

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். ஜெமினி, சாட்ஜிபிடி, மைக்ரோசாஃப்ட் டிசைனர் எதிலும் இலவசமாக, ஒரு வரம்புக்குள், படம் வரையச் சொல்லலாம். பொங்கல் வாழ்த்துக்குக் கோலமும் கரும்பும் வேண்டுமா? கேளுங்கள், கொடுக்கும். கோலத்தின் புள்ளிக் கணக்கு சரியாக இருக்கிறதா, படத்துக்குள் அது எழுதிய தமிழில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தமிழ் எழுத்தை அதனிடம் விடாமல் கேன்வாவில் நீங்களே சேர்ப்பது பத்திரம்.

ஆனால் விற்கும் பொருளை ஏஐயிடம் வரையச் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எண்ணெய் வடியாத, ஒரே அளவில் அமைந்த, பொன்னிறத்தில் மின்னும் வடையை அது தந்துவிடும். உங்கள் அடுப்பில் அந்த வடை வராது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளைத் தவறாகக் காட்டும் விளம்பரத்தையும் குற்றத்துக்குள் கொண்டுவருகிறது, உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஐந்து தெருவுக்குள் வியாபாரம் செய்பவரின் முதலே நம்பிக்கைதான். அதைக் கொண்டுபோய் ஒரு பொய்ப் படத்தில் வைக்கலாமா?

வாடிக்கையாளர் எடுத்த படம், நீங்கள் கொடுக்கும் படம்

இலவசமாகப் படம் வரும் இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர், உங்கள் இட்லிப் பொடியோடு இட்லியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டவர், இவர்களின் படங்களுக்கு இணையான விளம்பரம் கிடையாது. ஆனால் ஸ்டேட்டஸில் இருந்து சத்தமில்லாமல் எடுத்துப் போடாதீர்கள். 'அக்கா, இந்தப் படத்தை எங்க பக்கத்துல போட்டுக்கலாமா? உங்க பேரோட போடவா, பேர் இல்லாமலா?' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் 'சரி' என்று போட்ட பதிலையே அனுமதியாகப் பாதுகாத்து வையுங்கள். குழந்தைகள் இருக்கும் படம் என்றால் பெற்றோர் தாமாக முன்வந்து கொடுத்தாலும் முகத்தைத் தவிர்ப்பது நல்லது.

எப்போதாவது காசு கொடுத்துப் புகைப்படக்காரரை வைக்கும் நாளும் வரும். சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நீங்கள்தான் முதல் உரிமையாளர். இது தெரியாமல், எடுத்துக் கொடுத்தவரிடமே ஒவ்வொரு தடவையும் படத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள் பலர். கூலி பேசும்போதே, திருத்தாத மூலக் கோப்புகளையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு படங்களை நாம் எடுத்துக்கொள்கிற காமன்ஸுக்கு நாம் கொடுக்கவும் நிறைய இருக்கிறது. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது, பவானியில் ஜமுக்காளத் தறி ஓடுவது, சின்னாளப்பட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடும் விரல்கள், மண்பானை சூளையில் அடுக்குவது. இவற்றைத் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் நீங்கள்தான். வெளியூர் கேமராக்காரருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காத காட்சி உங்களுக்கு வருடம் முழுக்கக் கண்முன் இருக்கிறது. விற்பனைக்கான படத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் படங்களில் நல்லதாக ஒன்றிரண்டைக் காமன்ஸில் ஏற்றுங்கள். 'பை-எஸ்ஏ' உரிமத்தில் விட்டால், எந்த நாட்டுப் பத்திரிகை எடுத்துப் போட்டாலும் உங்கள் பெயரையோ தறியின் பெயரையோ போட்டாக வேண்டும். அங்கே விளம்பர வாசகம், விலை, போன் நம்பர் எதுவும் கூடாது, அது கல்விக்கான இடம். ஏற்றும்போது 'சொந்தப் படைப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்து, விளக்கம் எழுதும் கட்டத்தில் மொழியைத் தமிழ் என்று மாற்றி, ஊர்ப் பெயரையும் அந்த வேலைக்கு உங்கள் ஊரில் வழங்கும் சொல்லையும் எழுதிவிடுங்கள்.